சாம்பல் காத்த நகரம்

இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் நகரிலிருந்து வெசூவியஸ் மலையைச் சுற்றி ஓடும் சிறு ரயிலில் ஏறினால், ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் பொம்பெயியின் வாயிலருகே இறங்கிவிடலாம். வழி நெடுக மலை நம் இடப்புறமாகக் கூடவே வருகிறது. அதன் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். அடிவாரத்தில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் ஊர்கள். 1944 ஆம் ஆண்டில் கடைசியாக நெருப்பைக் கக்கிய அந்த மலையின் நிழலில் இலட்சக்கணக்கான மக்கள் வாழ்கிறார்கள். மாடங்களில் துணி உலர்த்துகிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். மாண்ட நகரைக் காணப் புறப்பட்ட நாம், அதே மலையை நம்பி வாழும் ஊர்களைக் கடந்தே அங்குச் செல்ல வேண்டியிருந்தது.

பொம்பெயியைப் பற்றி நாம் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கதை ஒன்றுண்டு. களியாட்டத்தில் மூழ்கித் திளைத்த செல்வர்களின் ஊர். ஒழுக்கத்தை மறந்த ஊர். ஆகவே ஒரே இரவில் நெருப்பு மாரி பொழிந்து அழிந்த ஊர் என்பதே அக்கதை. நூல்களில் படித்திருக்கிறோம், மேடைகளில் கேட்டிருக்கிறோம், உண்மையைச் சொன்னால், நாமே பிறருக்கு எடுத்துக்கூறியும் இருக்கிறோம். அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாம் கோட்டை வாயிலுக்குள் நுழைந்தோம். ஒரு பகல் முழுதும் அந்தத் தெருக்களில் நடந்த பின்னர் அதை அப்படியே திருப்பி எடுத்துவர நம்மால் இயலவில்லை.

கல்லில் பதிந்த தடங்கள்

கடற்புற வாயில் செங்குத்தான ஏற்றத்தில் இருக்கிறது. மனிதர் நடக்க ஒரு வளைவு. சுமை விலங்குகளும் வண்டிகளும் செல்ல மற்றொரு வளைவு. அன்று கடல் இவ்வளவு தொலைவில் இல்லை. மலை கக்கிய சாம்பலும் மண்ணும் கடலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன.

உள்ளே சென்றதும் நம் கண்ணில் முதலில் படுவது தெரு. கரும்பாறைப் பலகைகள் பதித்த அந்தத் தெருவில், வண்டிச் சக்கரங்கள் நெடுங்காலம் ஓடி ஓடிக் கல்லையே அறுத்த தடங்கள் ஆழமாகத் தெரிகின்றன. தெருவின் குறுக்கே, இடைவெளி விட்டு, உயர்ந்த கற்கள் நாட்டப்பட்டுள்ளன. மழைநீரும் கழிவுநீரும் ஓடும்போது கால் நனையாமல் கடப்பதற்கான படிகள் அவை. இடைவெளியில் சக்கரங்கள் நுழைந்து போகும். தெருமுனைதோறும் நீர்த்தொட்டி. தொட்டியின் விளிம்பில், தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் கையூன்றிக் குனிந்த இடம் வழுவழுப்பாகத் தேய்ந்து பள்ளமாகியிருக்கிறது. அந்தப் பள்ளத்தில் நாமும் கைவைத்துப் பார்த்தோம். கை சரியாகப் பொருந்தியது.

ஊரின் நடுவே பொதுமன்றம். அதன் வடகோடியில் யூப்பிதர் கோயிலின் அடித்தளம். அதற்குப் பின்னே மலை. மன்றத்தின் ஓரத்தில் அளவைக் கல்மேசை ஒன்று இருந்தது. நம் ஊர்ப் படியும் மரக்காலும் போல, தானியத்தை அளக்கும் குழிகள் கொண்ட மேசை அது. பொம்பெயி முதலில் ஆஸ்கன் மொழி பேசிய மக்களின் ஊர், கி.மு. 80 இல் ரோமர் குடியேற்றமாயிற்று. பின்னர் ஆஸ்கன் அளவுக் குழிகள் ரோம அளவுக்கு ஏற்பத் திருத்தப்பட்டன. ஆட்சி மாறியதன் அடையாளம் சந்தையிலுள்ள குழியின் ஆழத்தில் பதிந்துவிட்டது. வாங்குவோரை விற்போர் ஏய்க்கலாகாது என்று கவலைப்பட்ட ஓர் ஊர் மன்றம் இங்கே இருந்தது என்பதையும் அதே மேசை சொல்கிறது.

சுவர்களில் தேர்தல் விளம்பரங்கள். இன்னாரை இன்ன பதவிக்குத் தேர்ந்தெடுங்கள் என்று வண்ணத்தால் எழுதிய வாசகங்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. தொழிற்குழுவினர் பரிந்துரைக்கிறார்கள்; அண்டை வீட்டார் பரிந்துரைக்கிறார்கள்; வாக்குரிமையே இல்லாத பெண்களும் தம் பெயரிட்டுப் பரிந்துரைக்கிறார்கள். 1875 இல் யூக்குந்துஸ் என்னும் ஏல வணிகரின் வீட்டில் 154 மெழுகுப் பலகைகள் கிடைத்தன. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார், சாட்சிகள் எவர் என்னும் கணக்குகள் அவற்றில் இருந்தன.

ஆறு வயது உறுப்பினர்

கி.பி. 62 ஆம் ஆண்டில் கடும் நிலநடுக்கம் ஒன்று பொம்பெயியைக் குலைத்துப் போட்டது. கோயில்களும் வீடுகளும் இடிந்தன. அதற்குப் பின் பதினேழு ஆண்டுகள் ஊர் தன்னைத்தானே கட்டியெழுப்பிக் கொண்டிருந்தது. நாம் காணும் பொம்பெயி, உண்மையில், பாதி வேலை முடிந்த ஊர். பூசி முடிக்காத சுவர்கள், தொழிலாளர் குவித்து வைத்த சுண்ணாம்பு ஆகியவை பல இடங்களில் அப்படியே கிடைத்தன. களியாட்டத்தில் மயங்கிக் கிடந்த ஊர் என்று நாம் கேட்டிருந்தோம். கண்டதோ செங்கல்லும் சாந்துமாக இருந்த ஊர்.

அப்படி மீண்டும் எழுப்பப்பட்ட கட்டடங்களுள் ஐசிஸ் கோயில் ஒன்று. வாயிலின் மேலிருந்த கல்வெட்டு ஒரு வியப்பான செய்தியைத் தருகிறது. நிலநடுக்கத்தில் இடிந்த கோயிலைத் தன் சொந்தச் செலவில் அடித்தளத்திலிருந்து கட்டிக் கொடுத்தவன் பொப்பிதியுஸ் செல்சினுஸ். அதற்கு நன்றியாக ஊர் மன்றம் அவனைக் கட்டணமின்றி உறுப்பினனாகச் சேர்த்துக்கொண்டது. அப்போது அவனுக்கு வயது ஆறு!

ஆறு வயதுச் சிறுவன் கோயில் கட்டுவானா? கட்டியவர் அவன் தந்தை. அவர் விடுதலை பெற்ற அடிமை. எவ்வளவு பொருள் சேர்த்தாலும் ரோமச் சட்டப்படி அவர் மன்றத்தில் அமர முடியாது. ஆனால் அவருடைய மகன் அமரலாம். தமக்கு மூடியிருந்த கதவை மகனுக்குத் திறந்துவிட அந்தத் தந்தை தம் செல்வத்தைக் கல்லாக்கி நிறுத்தினார். அந்தக் கல்வெட்டின் செய்தியை அறிந்தபோது, நம் ஊர்களில் தாம் படிக்காமல் பிள்ளையைப் படிக்கவைத்த எத்தனையோ தந்தையர் நம் நினைவுக்கு வந்தனர்.

மலை திறந்த நாள்

கி.பி. 79. பேரரசர் டைட்டஸ் பட்டமேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு நாள் நண்பகல் கடந்த வேளையில் வெசூவியஸின் உச்சியிலிருந்து பெரும் புகைத்தூண் எழுந்து, மேலே குடை விரித்த பைன் மரம்போலப் படர்ந்தது. வளைகுடாவின் மறுகரையில் மிசேனும் துறைமுகத்தில் அதைக் கண்டவர் பதினேழு வயது இளைஞரான இளைய பிளினி. பல ஆண்டுகள் கழித்து வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு அவர் எழுதிய இரண்டு கடிதங்களே நேரில் கண்டவர் விட்டுச்சென்ற சான்று. அது ஆகத்து 24 ஆம் நாள் என்று ஏடுகளின் வழியே நெடுங்காலம் நம்பப்பட்டது. 2018 இல் ஒரு வீட்டுச் சுவரில் அக்டோபர் 17 ஐக் குறிக்கும் கரிக்கோட்டு எழுத்து கிடைத்தபின், இலையுதிர் காலத்தில் நிகழ்ந்தது என்னும் கருத்து வலுப்பெற்றது. அறிஞரிடையே வாதம் முடியவில்லை.

பொம்பெயி மீது முதலில் விழுந்தது துளைகள் நிறைந்த இலேசான நுரைக்கல். ஏறத்தாழ 18 மணி நேரம் அது கொட்டியது. மூன்று மீட்டர் அளவுக்குக் குவிந்து கூரைகளை அழுத்தி உடைத்தது. மறுநாள் காலையில்தான் கொதிக்கும் ஆவியும் சாம்பலும் கலந்த பேரலைகள் மலையிலிருந்து உருண்டு வந்து, எஞ்சியிருந்தவர்களை நொடிகளில் மாய்த்தன.

இடைப்பட்ட அந்த நேரத்தில் பலர் வெளியேறினர். பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்ததாகக் கருதப்படும் அந்நகரில் இதுவரை கிடைத்துள்ள உடல்களின் தடயங்கள் ஆயிரத்துச் சொச்சமே. பொம்பெயியின் குடும்பப் பெயர்கள் பின்னாளில் நேப்பிள்ஸ், குமே, புட்டியோலி முதலிய ஊர்களின் கல்வெட்டுகளில் காணப்படுவதைக் கொண்டு, தப்பியவர்கள் அங்குக் குடியேறினர் என்று ஆய்வாளர் கூறுகின்றனர். டைட்டஸ் நிவாரணப் பணிக்கு முன்னாள் கான்சல்களை அனுப்பினார். வாரிசின்றி மாண்டவர்களின் சொத்து, பாதிக்கப்பட்ட ஊர்களின் சீரமைப்புக்கு ஒதுக்கப்பட்டது. ஒட்டுமொத்தமாக அழிந்த ஊர் என்று நாம் சொல்லிவந்த கதையில் இவர்களுக்கு இடமே இருந்ததில்லை.

அந்தப் பேரிடரில் உயிர்நீத்தவர்களுள் தமிழர் மறக்கலாகாத ஒருவர் உண்டு. இளைய பிளினியின் தாய்மாமன் மூத்த பிளினி. மிசேனும் கடற்படையின் தலைவர். 37 பகுதிகள் கொண்ட இயற்கை வரலாறு என்னும் பெருநூலின் ஆசிரியர். ரோமக் கப்பல்கள் பருவக்காற்றைப் பற்றிக்கொண்டு முசிறிக்கு வந்ததையும், மதுரையிலிருந்து ஆண்ட பாண்டியனையும், மிளகு ஏற்றிவந்த ஓடங்களையும் அந்நூலில் குறித்துவைத்தவர் அவரே. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று மனம் புழுங்கியவரும் அவரே. புகைத்தூணை ஆராயப் புறப்பட்ட அவர், உதவி கேட்டு வந்த மடலைக் கண்டதும் போர்க்கப்பல்களை மக்களை மீட்கச் செலுத்தினார். ஸ்தாபியே கடற்கரையில் மூச்சு முட்டி இறந்தார். அவர் குறைபட்டுக்கொண்ட வாணிகத்தின் ஒரு சான்று பொம்பெயியிலேயே கிடைத்தது. இந்தியாவில் செதுக்கப்பட்ட யானைத்தந்தப் பெண் சிற்பம் ஒன்று 1938 இல் இந்நகரின் வீடொன்றில் எடுக்கப்பட்டு, நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

வெற்றிடம் சொன்னது

அகழ்வு 1748 இல் தொடங்கியது. நேப்பிள்ஸ் மன்னரின் ஆட்கள் சிலைகளையும் ஓவியங்களையும் தேடிப் புதையல் எடுப்பதுபோல் தோண்டினர். இந்த ஊரின் பெயர் பொம்பெயி என்பதே 1763 இல் கிடைத்த கல்வெட்டால்தான் உறுதியாயிற்று. ஒழுங்கான ஆய்வாக அதை மாற்றியவர் ஜுசெப்பே ஃபியோரெல்லி. இறுகிய சாம்பலுக்குள் ஆங்காங்கே வெற்றிடங்கள் இருப்பதையும் உள்ளே எலும்புகள் கிடப்பதையும் அகழ்வோர் கண்டிருந்தனர். உடல் மக்கிப்போனாலும் அதைச் சூழ்ந்த சாம்பல் அச்சாக நின்றுவிட்டது. 1863 இல் ஃபியோரெல்லி அந்த வெற்றிடங்களில் பாரிஸ் சாந்தை ஊற்றி இறுகச்செய்து, பிறகு சாம்பலை நீக்கினார். மடிந்த கை, சுருண்ட முழங்கால், முகத்தைப் பொத்திய விரல்கள் ஆகியவற்றுடன் இறந்தவர்கள் எழுந்து வந்தனர்.

தப்பியோடியோர் தோட்டம் என அழைக்கப்படும் இடத்தில் பதின்மூவர் கிடக்கிறார்கள். அவர்களுள் குழந்தைகளும் உண்டு. அங்கே சுற்றுலாக் கூட்டத்தின் பேச்சுக்குரல் தானாகவே அடங்கிவிடுகிறது.

ஆனால் அடங்கிய குரல்களின் இடத்தில் கதைகள் முளைக்கின்றன. கோட்டை வாயிலில் காவல் நின்ற வீரன் ஒருவன், நெருப்பு மழையிலும் இடம் பெயராமல் கடமையிலேயே மாண்டான் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுதும் போற்றினார்கள், ஓவியமாகவும் தீட்டினார்கள். அவன் நின்றதாகச் சொல்லப்பட்ட மாடமோ ஒரு கல்லறையின் பகுதி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பொற்காப்பு அணிந்த ஒருவரின் மடியில் குழந்தை கிடந்த அச்சைக் கண்டவர்கள், தாயும் சேயும் என்று உருகினார்கள். எலும்பில் எஞ்சியிருந்த மரபணுக்களை ஆராய்ந்து 2024 இல் வெளியான முடிவு, காப்பு அணிந்தவர் ஆண் என்றும், குழந்தைக்கும் அவருக்கும் இரத்த உறவில்லை என்றும் காட்டியது. உறவில்லாத ஒருவர் அந்தக் கடைசி நேரத்தில் அக்குழந்தைக்கு அருகிலிருந்தார். அதற்குமேல் நாம் எதைச் சொன்னாலும் அது நம் கற்பனையே.

வேறொரு வீட்டின் சுவரில் சோதோம், கொமோரா என்னும் இரு பெயர்கள் கரியால் எழுதப்பட்டிருந்தன. லூத் நபியின் சமூகத்தார் அழிந்த வரலாற்றோடு சேர்ந்து பேசப்படும் ஊர்கள் அவை. எழுதியவர் பேரழிவுக்கு முன் அங்கு வாழ்ந்தவரா, பின்னர் இடிபாடுகளைத் தோண்ட வந்தவரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எவராயினும், நாம் வரும்போது கையில் கொண்டுவந்த அதே தீர்ப்பு நமக்கு முன்பே அந்தச் சுவரில் எழுதப்பட்டுவிட்டது! அதை அறிந்தபோது நமக்கு ஏற்பட்டது பெருமிதமன்று, கூச்சமே.

ஏனெனில், அந்தத் தீர்ப்பு யாரையெல்லாம் சேர்த்துக் கட்டுகிறது என்பதை அதற்குள் நாம் கண்டிருந்தோம். மொதெஸ்துஸின் ரொட்டிச்சாலையில், வேகவைத்த கோலத்திலேயே கரியாகிப்போன 81 ரொட்டிகள் 1862 இல் அடுப்பிலிருந்து எடுக்கப்பட்டன. அதுபோன்ற கடைகளில் எரிமலைக் கல்லால் செய்த பெரிய திரிகைகளைக் கழுதைகளும் அடிமைகளும் சுற்றினர். 2023 இல் வெளிப்பட்ட ஒரு ரொட்டிச்சாலையின் சன்னல்களில் இரும்புக் கம்பிகள். அவை தெருவை நோக்கித் திறக்கவில்லை. விலங்குகள் ஒன்றோடொன்று மோதாமல் சுற்றிவரத் தரையில் பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன. அதற்கு முன், 2021 இல், ஊருக்கு வடக்கே ஒரு மாளிகையில் 16 சதுர மீட்டர் அறை ஒன்று கிடைத்தது. மூன்று கட்டில்கள், அவற்றுள் ஒன்று சிறுவருக்கு மட்டுமே போதுமான நீளம். சுவரின் உயரத்தில் ஒரு சிறு சன்னல். சுற்றிலும் சாடிகளும் பொருள்களும் அடுக்கியிருந்தன. அடிமைக் குடும்பம் ஒன்று அங்கே உறங்கியது.

வழிகாட்டிகள் கூட்டத்தை விரைந்து அழைத்துச் செல்லும் இடம் விலைமாதர் விடுதி. பொம்பெயியின் பாவத்துக்குச் சான்றாகக் காட்டப்படும் அந்த இருண்ட அறைகளில் கல்லாலான படுக்கைகள் இருக்கின்றன. அங்கு அடைபட்டிருந்தவர்களுள் பெரும்பாலோர் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைப் பெண்கள். களித்தவர் யார், கட்டுண்டவர் யார் என்று சாம்பல் பிரித்துப் பார்க்கவில்லை. அதனால் பிரிக்க இயலாது. நம்மால் இயலும். அப்படிப் பிரித்துப் பார்க்காமல் ஊர் முழுவதற்கும் ஒரே சொல்லில் முடிவுரை எழுதிவிடுவது, திரிகை சுற்றிய அந்த அடிமைக்கு அவன் எசமானன் செய்ததற்கு மேல் நாமும் ஒரு கொடுமை செய்வதாகும்.

இரண்டாம் அழிவு

சாம்பலுக்குள் இருந்தவரை பொம்பெயியை மழையோ வெயிலோ தொடவில்லை. வெளிச்சத்துக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு நாளும் அது சிறிது சிறிதாகக் கரைகிறது. ஓவியங்கள் மங்குகின்றன; செடிகளின் வேர்கள் சுவரைப் பிளக்கின்றன. 1943 இல் நேச நாட்டு விமானங்கள் வீசிய 160 க்கும் மேற்பட்ட குண்டுகள் இந்நகரின்மீது விழுந்தன. 1980 இன் நிலநடுக்கம் மேலும் சிதைத்தது. குண்டுவீச்சில் நொறுங்கி மீண்டும் கட்டப்பட்டிருந்த வீரர் கழகக் கட்டடம், 2010 நவம்பர் 6 ஆம் நாள் விடியலில் இடிந்து விழுந்தது. உலகம் திடுக்கிட்டது. அதன்பின் இத்தாலிய அரசும் ஐரோப்பிய ஒன்றியமும் பத்தரைக் கோடி யூரோச் செலவில் பெரும் சீரமைப்புத் திட்டம் ஒன்றை மேற்கொண்டன. சுவர்கள் தாங்கப்பட்டன, மழைநீர் வடிய வழி செய்யப்பட்டது. 2024 இன் இறுதியில் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் அனுமதியில்லை என்ற வரம்பும் வந்தது. பாதுகாப்பு என்பது ஒருமுறை செய்து முடிக்கும் பணி அன்று. வீட்டைப் பெருக்குவதுபோல் நாள்தோறும் செய்யவேண்டியது.

மாலை சாயும் வேளையில் நாம் ஒரு நீண்ட தெருவின் வழியே நடந்தோம். அதையொட்டிய பக்கத் தெரு ஒன்று சிறிது தொலைவில் திடீரென்று நின்றுவிட்டது. எதிரே மண்மேடு, அதன்மீது புல்லும் மரங்களும். மேட்டின் அடியில் தெரு தொடர்கிறது, வீடுகளும் தொடர்கின்றன. மதிலுக்குள் அடங்கிய 66 ஹெக்டேரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதி இன்னும் தோண்டப்படவில்லை. எடுத்ததையே காக்க அரும்பாடு படுகிறோம்; நம்மைவிடத் தெளிந்த கருவிகளோடு நாளை வருவோர் படிக்கட்டும் என்று அதன் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே விட்டுவைத்திருக்கிறார்கள்.

அந்த மண்மேட்டின் முன் நாம் நெடுநேரம் நின்றோம். ஃபியோரெல்லிக்கு முன் தோண்டியவர்கள் எத்தனையோ வெற்றிடங்களை அவற்றின் பொருள் புரியாமலே உடைத்துப் போட்டிருப்பார்கள். பொற்காப்பு அணிந்தவரின் எலும்பைச் சோதிக்கும் கலை அரை நூற்றாண்டுக்கு முன் இல்லை. அறியாதவற்றின்மீது கைவைக்காமல் நிறுத்திக்கொள்வதும் அறிவின் ஒரு பகுதி என்பதை, வல்லரசின் தூண்களுக்கும் அரங்குகளுக்கும் நடுவே, புல் முளைத்த அந்த மேடு நமக்குக் கற்பித்தது.

வாயிலை நோக்கித் திரும்பும் வழியில் ஒரு நீர்த்தொட்டி. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. முன்னே சென்ற ஒரு சிறுமி, எட்டாமல், தொட்டியின் விளிம்பில் கையூன்றி எம்பிக் குடித்தாள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தேய்ந்த அதே பள்ளத்தில்தான் அவளும் கையை வைத்தாள். பேரரசர் டைட்டஸை மறந்தாலும் அந்த ஊரைப் பற்றி இனி எவரேனும் கேட்டால், நாம் அந்தப் பள்ளத்திலிருந்துதான் சொல்லத் தொடங்குவோம்.